மூன்று நிமிடப் பேய்!

குட்டித் திகில் படங்களுக்கு விழா. கூட்டம் கூடுவது ஏன்?

ஒரு பெண் படுக்கப் போகிறாள். விளக்கை அணைக்கிறாள். இருட்டில் யாரோ நிற்பது தெரிகிறது!

திடுக்கிட்டு விளக்கைப் போடுகிறாள். யாரும் இல்லை. மறுபடி அணைக்கிறாள். அந்த உருவம் அங்கேயே நிற்கிறது. மறுபடி போடுகிறாள். காணோம். இன்னும் ஒரு தடவை அணைக்கிறாள். இப்போது அந்த உருவம் அவளுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது!

கதை ஏறக்குறைய இவ்வளவுதான். படத்தின் பெயர் "லைட்ஸ் அவுட்". நீளம் மூன்று நிமிடம் கூட இல்லை. சுவீடன் நாட்டு இளைஞர் டேவிட் சாண்ட்பெர்க் 2013-ம் ஆண்டில் இதை எடுத்தார். படம் பிடித்த இடம், அவர் குடியிருந்த வீடு. நடித்தவர், அவருடைய மனைவி லோட்டா லோஸ்டன்.

இப்படிப்பட்ட குட்டிப் பேய்ப் படங்களைக் காட்டுவதற்கு இன்று பல நாடுகளில் விழாக்கள் நடக்கின்றன. ஜனங்கள் காசு கொடுத்து, வரிசையில் நின்று, பயப்படுவதற்காகவே போகிறார்கள்!

இது வேடிக்கையாக இல்லையா? ஒவ்வொருவர் கையிலும் செல்போன் இருக்கிறது. இதே படங்களில் பலவற்றை வீட்டில் இருந்தபடியே பார்த்துவிடலாம். பிறகு கொட்டகைக்கு ஏன் போகவேண்டும்?

கடற்கரை ஊரில் திருவிழா

ஸ்பெயின் நாட்டில் சிட்ஜெஸ் என்று ஒரு கடற்கரை ஊர். பார்சிலோனா நகரத்திலிருந்து சுமார் 35 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது. இங்கே 1968-ம் ஆண்டு முதல் திகில் படங்களுக்கும் மாயாஜாலப் படங்களுக்கும் விழா நடந்து வருகிறது. 2017-ல் 50-வது விழா. 2025-ல் 58-வது விழா.

அக்டோபர் மாதம் பிறந்தால் ஊரே மாறிவிடும். எழுந்து நடக்கும் பிணங்களைப் போல முகத்தில் சாயம் பூசிக்கொண்டு ரசிகர்கள் தெருவில் ஊர்வலம் போவார்கள். கொட்டகைகளில் முழு நீளப் படங்களும் ஓடும், குறும்படங்களும் ஓடும்.

இந்த மாதிரி விழாக்களில் குறும்படங்களைத் தனித்தனியாகக் காட்டுவது குறைவு. பல படங்களைச் சேர்த்து, ஒரே காட்சியாகக் காட்டுவார்கள். ஒரு படம் 3 நிமிடம். அடுத்தது 12 நிமிடம். அதற்கடுத்தது 20 நிமிடம். ஒரு பேய் போய் மூச்சு விடுவதற்குள் அடுத்த பேய் வந்துவிடும்!

விளக்கு அணைந்ததும் கொட்டகையில் பேச்சு மூச்சு இருக்காது. திடீரென்று ஒருவர் கத்துவார். பக்கத்தில் இருப்பவர் துள்ளி விழுவார். அடுத்த விநாடி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் என்ற சுரப்பு பெருகுகிறது. நெஞ்சு படபடக்கிறது. கை வேர்க்கிறது. "இது நிஜம் அல்ல, வெறும் படம்" என்று தெரிந்தவுடன் மனம் லேசாகிறது. பாட்டி சொன்ன பேய்க் கதையைக் கேட்ட குழந்தைகள் ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தது இதற்காகத்தான். பயத்தைப் பங்கு போட்டுக்கொண்டால் பாரம் குறைகிறது. போர்வைக்குள் தனியாகச் செல்போனைப் பார்ப்பவருக்கு அந்தப் பங்காளி கிடையாது.

பேயும் சினிமாவும்

பேய்ப் படம் குட்டிப் படமாகத்தான் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது.

1895-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி, பாரிஸ் நகரத்தில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு சினிமா காட்டினார்கள். மறு ஆண்டே, 1896-ல், ஜார்ஜ் மெலியே என்ற மந்திர வித்தைக்காரர் ஒரு பேய்ப் படம் எடுத்துவிட்டார். ஒரு வௌவால் பறந்து வரும்; அது பிசாசாக மாறும். நீளம் சுமார் 3 நிமிடம். உலகத்தின் முதல் பேய்ப் படம் என்று பலரும் சொல்வது இதைத்தான்.

பிறகு படங்கள் நீண்டன. ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி என்று வளர்ந்தன. குட்டிப் படங்களுக்குக் கொட்டகையில் இடம் இல்லாமல் போயிற்று. இன்று 10 நிமிடப் படத்துக்குத் தனியாக டிக்கெட் விற்பது மிக அரிது. குறும்படத்துக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பெரிய திரை, விழாத் திரைதான்!

பணம் இல்லாதவனின் வாசல்

இதில் வேடிக்கையைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அது பிழைப்பு.

சினிமா எடுக்கப் பணம் வேண்டும். பெரிய நடிகர் வேண்டும். செட் வேண்டும். ஆனால் பயமுறுத்துவதற்கு இவை வேண்டாம். ஒரு இருட்டு அறை, ஒரு சத்தம், அதை எந்த விநாடியில் கேட்கச் செய்வது என்ற கணக்கு. இவை போதும். அதனால்தான் கையில் காசில்லாத இளைஞர்கள் பேயைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறார்கள்.

அமெரிக்காவில் சாம் ரெய்மி 1978-ல் சுமார் 1,600 டாலரில் அரை மணி நேரப் படம் ஒன்று எடுத்தார். அதைப் போட்டுக் காட்டியே பலரிடம் பணம் திரட்டினார். அப்படிப் பிறந்தது, 1981-ல் வந்த "ஈவில் டெட்".

ஜேம்ஸ் வான் மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். அவரும் நண்பர் லீ வானெலும் 2003-ல் "சா" என்ற குறும்படம் எடுத்தார்கள். 10 நிமிடம் கூட இல்லை. அதைப் பார்த்த அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் முழுப் படம் எடுக்கச் சொன்னார்கள். 18 நாளில் படப்பிடிப்பு முடிந்தது. 2004-ல் வெளிவந்த அந்தப் படம் 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது!

ஆஸ்திரேலியப் பெண்மணி ஜெனிபர் கென்ட் 2005-ல் எடுத்த 10 நிமிடப் படம், 2014-ல் "பாபடூக்" என்ற பெரிய படமாக வளர்ந்தது.

தமிழ்நாட்டிலும் இதே பாதைக்கு உதாரணம் உண்டு. கார்த்திக் சுப்பராஜ் முதலில் குறும்படங்கள் எடுத்தார். "நாளைய இயக்குநர்" என்ற டெலிவிஷன் போட்டியில் கலந்துகொண்டார். 2012-ல் அவர் எடுத்த முதல் பெரிய படம் "பீட்சா". அதுவும் திகில் படமே!

செல்போன் போதாதா?

"சாண்ட்பெர்க்கை உயர்த்தியது விழா அல்லவே, இணையம்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. "லைட்ஸ் அவுட்" இணையத்தில்தான் பரவியது. ஹாலிவுட் அவரைக் கூப்பிட்டது. 2016-ல் வந்த முழுப் படத்துக்குச் செலவு சுமார் 49 லட்சம் டாலர். வசூல் 14 கோடியே 80 லட்சம் டாலருக்கு மேல்!

ஆனால் இணையம் ஒரு கடல். அதில் ஒரு படம் கரை சேர்ந்தால், கணக்கில்லாத படங்கள் முழுகிப் போகின்றன. பிடிக்காவிட்டால் பார்ப்பவரின் விரல் ஐந்தாவது விநாடியிலேயே அடுத்த படத்துக்குத் தாவிவிடும். விழாவில் அப்படி இல்லை. நல்ல படம் எது என்று முதலில் ஒருவர் பொறுக்கி எடுக்கிறார். வந்தவர்கள் முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

எடுத்தவனுக்கும் அங்கே பாடம் கிடைக்கிறது. ஜனங்கள் எங்கே கத்தினார்கள்? கத்தவேண்டிய இடத்தில் ஏன் கொட்டாவி விட்டார்கள்? கடைசி வரிசையில் உட்கார்ந்து அவன் கவனிக்கலாம். செல்போன், எத்தனை பேர் பார்த்தார்கள் என்றுதான் சொல்லும். கொட்டாவியைச் சொல்லாது.

எச்சரிக்கை தேவை

விழா என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிடவும் கூடாது. படத்தைச் சேர்த்துக்கொள்ள நுழைவுக் கட்டணம் வாங்கும் விழாக்கள் பல. கட்டணத்தை வாங்கிக்கொண்டு, ஒரு பரிசுச் சீட்டை மட்டும் அனுப்பிவிட்டு, கொட்டகையில் படத்தைக் காட்டாமலே இருப்பவர்களும் உண்டு. வீட்டுப் பிள்ளை "விழாவுக்குப் படம் அனுப்பப் போகிறேன்" என்று பணம் கேட்டால், பெற்றோர் ஒரு கேள்வி கேட்கவேண்டும். "எந்தக் கொட்டகையில், எந்தத் தேதியில், யார் முன்னால் காட்டுவார்கள்?" பதில் இருந்தால் கொடுக்கலாம். இல்லாவிட்டால் அந்தப் பணத்தில் இன்னொரு படம் எடுக்கச் சொல்லலாம்!

சின்னக் குழந்தைகள் விஷயத்திலும் கவனம் வேண்டும். கொட்டகை வாசலில் வயதைக் கேட்க ஆள் இருக்கிறார். செல்போனுக்கு வாசலும் இல்லை, ஆளும் இல்லை. அங்கே பெற்றோரே காவல்.

பேய் இருக்கிறதா, இல்லையா? அந்த வழக்கு என்றைக்கும் தீராது. ஆனால் காசில்லாத ஒருவன் மூன்று நிமிடத்தில் தன் திறமையைக் காட்ட ஓர் இருட்டுக் கொட்டகை வேண்டும். அதில் வந்து உட்கார நாலு பேர் வேண்டும். அந்த நாற்காலிகள் காலியானால், உண்மையில் பயப்பட வேண்டியது அப்போதுதான்!