கைப்பிடிச்சுவர் இல்லாத கார்



யெஸ்ரயேலின் கோபுரத்தில் நின்ற ஜாமக்காரன், தொலைவில் வருகிறவனின் முகம் தெரியும் முன்னரே, இரதம் ஓட்டப்படும் வேகத்தைக் கண்டு அவன் யெகூவாக இருக்கவேண்டும் என்று அறிவித்ததை இராஜாக்களின் இரண்டாம் புத்தகத்தில் வாசிக்கிறோம். நம் பனமலையில் அதற்குக் கோபுரம் ஏறவேண்டிய அவசியமில்லை. ஏரிக்கரைப் பக்கம் அந்த உறுமல் கேட்டவுடன், வருவது எந்த வீட்டுப் பிள்ளை என்று ஊர் முழுவதும் அறிந்துவிடுகிறது.

அந்தப் பிள்ளையின் தகப்பனார் சென்ற மாதம் ஆராதனை முடிந்தபின் என்னிடம் வந்தார். "ஐயா, நீங்க சொன்னா கேப்பான். அந்தக் காரை வித்துடச் சொல்லுங்க" என்றார். கார் 2013ஆம் ஆண்டின் ஸ்விஃப்ட் டீசல். திண்டிவனத்தில் ஒருவரிடமிருந்து பழைய வண்டியாக வாங்கி, ஏழு ஆண்டுகளாகத் தம்பி அதை வைத்திருக்கிறார். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்குள்தான் போயிருக்கிறது என்பது தகப்பனாரின் குறை.

விற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைச் சொல்லுகிறேன், என்னோடு உடன்படாதவர்கள் சபையில் பலர் இருப்பீர்கள் என்பதையும் அறிவேன்.

ஒரு பொருளை நீண்டகாலம் வைத்துப் பராமரிப்பது இக்காலத்தில் அரிதாகிவிட்ட நற்குணம். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை காரை மாற்றி, ஒவ்வொரு முறையும் புதிய கடனில் விழுகிற குடும்பங்களை நான் பார்த்துவருகிறேன். இந்தத் தம்பியோ தமது காரின் ஒவ்வொரு ஓசையையும் அறிவார். எஞ்சின் ஆயிலைத் தாமதிக்காமல் மாற்றுகிறார். ஆயில் கெட்டால் டைமிங் செயின் தளர்ந்துபோகும் என்று எனக்கே பாடம் நடத்தினார். அந்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் ஃபியட் நிறுவனம் வடிவமைத்தது. மாருதியிலும் டாடாவிலும் ஃபியட்டிலுமாகப் பல கார்களில் ஓடியதால், வேடிக்கையாகத் தேசிய எஞ்சின் என்றே அதை அழைப்பார்களாம். 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார்களை நிறுத்திவிட்டது. ஆகவே இதை விற்றால் இதேபோன்ற புதியது கிடைக்காது. பதினைந்து ஆண்டுப் பதிவு 2028இல் முடியும்போது, எஃப்.சி. சோதனையில் தேறினால் மேலும் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

வைத்திருப்பதில் எனக்கு மறுப்பில்லை. மாற்றியமைப்பதில்தான் சிக்கல்.

ஸ்விஃப்ட் ஸ்போர்ட் என்று ஒரு கார் உண்டு. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அதை விற்றார்கள், இந்தியாவில் விற்றதில்லை. கிடைக்காத அந்தக் காரைத் தாங்களே உருவாக்கிவிடவேண்டும் என்பதே நம் இளைஞர்களின் ஆசை. ஆசையை நான் பழிக்கவில்லை. ஆனால் சுசூகி அதை எப்படிச் செய்தது என்று பாருங்கள். எஞ்சினுக்கு வலிமை கூட்டிய அந்தக் காரில் பின்சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் வைத்தார்கள். சஸ்பென்ஷனையும் அதற்கேற்ப மாற்றினார்கள். நம் ஊரில் ஓடும் ஸ்விஃப்டின் பின்சக்கரங்களில் இருப்பது டிரம் பிரேக். நம் பிள்ளைகள் முதலில் மாற்றுவது சைலன்சர், அடுத்தது ஸ்டிக்கர், அதன்பின் ட்யூனிங் பாக்ஸ். பிரேக்கின் முறை பெரும்பாலும் வருவதேயில்லை.

ட்யூனிங் பாக்ஸ் என்பதைத் தாய்மார்கள் அறிந்திருக்க நியாயமில்லை. எஞ்சினின் கணினிக்குச் செல்லும் தகவலை இடையில் மாற்றி, கூடுதல் டீசலைச் செலுத்த வைக்கும் சிறு பெட்டி அது. ஸ்விஃப்டில் இந்த எஞ்சின் 75 குதிரைத்திறன் தருகிறது. இதே எஞ்சின் எர்டிகாவிலும் சியாஸிலும் 90 தந்தது மெய்யே. அதற்கு நிறுவனம் வேறு வகை டர்போவைப் பொருத்தியது. டர்போவை மாற்றாமல் டீசலை மட்டும் கூட்டினால் வலிமை ஏறும். கூடவே வெப்பம் ஏறும், கிளட்ச் தேயும், பின்னால் இருசக்கர வாகனத்தில் குழந்தையோடு வருகிற தாயின் முகத்தில் கரும்புகை அடிக்கும்.

வேகத்தின் கணக்கு ஒன்றையும் சொல்லவேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 80க்கு உயர்த்தும்போது, கூடியது மூன்றில் ஒரு பங்குதான் என்று மனம் எண்ணுகிறது. பிரேக்கை மிதித்தபின் கார் நிற்க எடுக்கும் தூரமோ ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. அறுவடைக் காலத்தில் பாதித் தாரில் நெல் காயும் நம் சாலைகளிலும், விளக்கில்லாமல் கரும்பு டிராக்டர் நிற்கும் வளைவுகளிலும் அந்தக் கூடுதல் தூரம் எங்கே இருக்கிறது?

உபாகமம் 22ஆம் அதிகாரத்தில், புது வீடு கட்டுகிறவன் மெத்தைக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்ற கட்டளை உண்டு. எவரேனும் தவறி விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பதே காரணம். இறையியல் கல்லூரியில் பயின்ற நாட்களில் இவ்வசனத்தை வேகமாகக் கடந்துபோனேன். வீடு கட்டும் திட்டம் அப்போது எனக்கு இல்லை. இப்போது வாசிக்கையில், வீட்டின் உயரத்துக்கு அங்கே தடை எதுவும் இல்லை என்பது கண்ணில் படுகிறது. உயரம் இருந்தால் சுவரும் இருக்கவேண்டும், அவ்வளவே. காரில் அந்தச் சுவர் பிரேக்கும் டயரும்தான்.

ஆகவே தம்பியிடம் நான் சொன்னது இது: பணம் செலவழிக்க ஆசையிருந்தால் நல்ல பிரேக் பேடு போடுங்கள், பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுங்கள், ரப்பர் வெடித்த டயரைக் கழற்றி எறியுங்கள். அகலமான டயர் வேண்டுமென்றால் அதற்கும் நேர்வழி உண்டு. அவர் காரில் வந்தது 165/80 ஆர்14 அளவு. அதே காரின் உயர்ந்த ரகத்துக்கு நிறுவனமே 185/65 ஆர்15 கொடுத்தது. இரண்டின் மொத்த விட்டமும் ஏறக்குறைய 620 மில்லிமீட்டர். வேகமானியின் கணக்கு பிசகாது. கடைக்காரர் அழகுக்காகத் தள்ளிவிடும் பெரிய சக்கரத்தில் அந்தப் பொருத்தம் இருக்காது.

சட்டத்தையும் மறைக்காமல் சொன்னேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மாற்றத்தைத் தெரிவிக்காமல் மறைத்தால், விபத்து நேரும் நாளில் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் இடமுண்டு. அந்த நாளில் கடன் வாங்கப்போவது யார்? விற்கச் சொல்லும் அதே தகப்பனார்தான்.

வேகமாக ஓட்டியே தீரவேண்டுமென்றால் அதற்கும் இடமுண்டு. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ஓடுதளம் பல ஆண்டுகளாக இருக்கிறது. அங்கே பந்தயத்தில் ஓடும் சிறிய கார்களுக்குள் இரும்புக் கூண்டு இருக்கும். ஓட்டுகிறவர் தலைக்கவசம் அணிந்து, உடலைப் பல பட்டைகளால் பிணைத்திருப்பார். எதிரே ஆட்டு மந்தை வராது.

இவ்வளவையும் தம்பி தலையாட்டிக் கேட்டார். கேட்டதோடு சரி. அவரை மாற்றியது என் பேச்சு அல்ல என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

மூன்று வாரங்களுக்கு முன் ஓர் இரவு, நம் சபையின் மூத்த தாயார் ஒருவருக்கு இடுப்பில் தாங்கமுடியாத வலி. ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றதும், தம்பிதான் காரை எடுத்துவந்தார். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். பின் இருக்கையில் அம்மாவின் தலையை என் மனைவி மடியில் தாங்கியிருந்தார். காரின் உயரத்தைக் குறைப்பதற்காகத் தம்பி குட்டையான, விறைப்பான ஸ்பிரிங் போட்டிருந்தார். ஊர் எல்லை தாண்டுவதற்குள் எத்தனை வேகத்தடைகள் என்று நீங்கள் அறிவீர்கள். ஒவ்வொன்றிலும் காரின் அடிப்பாகம் உரசியது. ஒவ்வொன்றிலும் அம்மா "ஏசப்பா" என்று முனகினார். தம்பி கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே, மாட்டுவண்டியைவிட மெதுவாக ஓட்டினார். வழியில் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அம்மா இப்போது வீடு திரும்பிவிட்டார். மறு வாரமே காரில் பழைய ஸ்பிரிங்குகள் திரும்பி வந்தன. ஏழு ஆண்டுகளாக அவற்றைக் கோணிப்பையில் கட்டி வைத்திருந்தாராம். ட்யூனிங் பாக்ஸையும் கழற்றிவிட்டார். பிரேக் பேடு வாங்கித் தந்தவர் தகப்பனார். கார் வந்த நாள்முதல் அதற்காக அவர் செலவழித்த முதல் பணம் அதுவே.

சைலன்சர் மட்டும் அப்படியே இருக்கிறது. அதைப்பற்றிப் பேச, வரும் ஞாயிறு ஆராதனைக்குப்பின் வருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார். அவர் புறப்பட்டுவிட்டார் என்பதை யாரும் எனக்குத் தொலைபேசியில் அறிவிக்கவேண்டியதில்லை.