நடு முதுகில் ஒரு வலி

பரீட்சைத் தாள்கள் 120-ஐக் குனிந்து திருத்திவிட்டு எழுந்தால், தோட்பட்டைகள் இரண்டுக்கும் நடுவே யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போன்றதொரு வலி நமக்கு உண்டாகிறது. பிராணனை வாங்கும் வலியன்று. உட்கார்ந்தால் வளரும், உலாவினால் தேயும். உபாத்தியாயர்களுக்கே உரிய சொத்தென்று கர்வப்படுவதற்கில்லை. அரிவாள்மணைமுன் குனியும் பெண்மணிகளும், கைப்பேசியில் கவிழ்ந்த தலையை நிமிர்த்தாத நம் பிள்ளைகளும் இதில் பங்காளிகளே.

நடு முதுகில் 12 முள்ளெலும்புகள். ஒவ்வொன்றோடும் ஒரு ஜோடி விலா எலும்பு பிணைந்திருக்கிறது. ஆகையால் கழுத்தையும் இடுப்பையும் போல் அது வளைந்து கொடுப்பதில்லை. தலை முன்னே சாயச் சாய, அதைத் தாங்கும் தசைகள் களைத்து வலிக்கின்றன. பெரும்பாலோர் வலியின் விருத்தாந்தம் இவ்வளவே. அவ்வப்போது எழுந்து நடப்பது எந்தத் தைலத்துக்கும் இளைத்ததன்று.

ஆனால், தைலத்தையே நம்பியிருந்ததன் விளைவை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். நம் உறவினரான இளைஞர் ஒருவருக்கு நடு முதுகில் இலேசான வலி. இரவிலும் விடவில்லை, மாலையில் சிறிது சுரம், உடம்பும் இளைத்தது. "எல்லாம் உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக்கொள்" என்று வீட்டார் யாவரும் சொன்னோம். நாமும் அதில் சேர்த்திதான். ஆறு மாதம் கழித்துக் கால்கள் தள்ளாடத் தொடங்கிய பின்னரே டாக்டரிடம் போனோம். முதுகெலும்பில் க்ஷயம்!

க்ஷயம் என்றாலே இருமலும் நுரையீரலுமே நினைவுக்கு வருகின்றன. அது எலும்பையும் அரிக்கும். அதனால் விளையும் கூனையும் கால் முடக்கத்தையும் பர்ஸிவல் பாட் என்னும் ஆங்கிலேய ரண வைத்தியர் 1779-லேயே விவரித்தார். அன்று அதற்கு மருந்தில்லை, இன்று உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே தருகிறார்கள். மாதக்கணக்கில் தவறாமல் உட்கொள்ள வேண்டும். உறவினர் இப்போது ஊன்றுகோலுடன் நடக்கிறார். முன்பே வந்திருந்தால் கோல் வேண்டியிருந்திராது என்று டாக்டர் சொன்னது நம் நெஞ்சில் இன்னமும் தைத்துக்கொண்டிருக்கிறது.

பாட்டிமாரின் முதுகு வலியையும் வயதின் கோலமென்று தள்ளலாகாது. எலும்பு நொய்ந்தவர்களுக்கு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கியதுமே முள்ளெலும்பு நசுங்கிவிடுவதுண்டு. நெய்ப் பலகாரம் உண்டபின் வயிற்றிலும் வலத் தோட்பட்டையடியிலும் வலித்தால் பித்தப்பைக் கல்லாயிருக்கலாம். நெஞ்சிறுக்கமும் வியர்வையும் கூட வந்தால் இருதயத்தின் விவகாரம். அக்கணமே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

நம் சொந்த வலிக்கு, சென்ற வாரம் ஒரு சாய்வு மேஜை வாங்கினோம். மிச்சத் தாள்கள் அதன்மேல் காத்திருக்கின்றன.