ரோட்டுல பறக்காதீங்க மக்கா, மண்ணுல உருளுங்க

ஆபீஸ்ல ரெண்டு நாளா ஆணி கம்மி. ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்த ஒரு விஷயத்த இப்பவே எழுதிடறேன். திங்கக்கிழமை வந்தா மறுபடியும் பொட்டி தட்டப் போயிடணும்.

டர்ட் பைக் ரேஸ், அதாவது மண்ணுல வண்டி ஓட்டுற ரேஸ், உயிருக்கு உலை வைக்கிற வேலைன்னு எங்க நாஞ்சில் நாட்டுல எல்லாரும் நம்பறாங்க. அதே ஆளுங்க, ராத்திரி பத்து மணிக்கு மேல காவல்கிணறு நாலுவழிச்சாலையில பசங்க வண்டிய முறுக்கிட்டு போறத மட்டும் "வயசுப்பய, அப்பிடித்தான் இருப்பான்"னு விட்டுடுவாங்க. என் கருத்து இதுக்கு நேர் எதிர். கை அரிக்கிற பையன் போக வேண்டிய இடம் மண்ணுதான்.

என் செட்டுல ரெண்டு பேரு இப்ப இல்ல. ரெண்டு பேரும் ரோட்டுலதான் போனாங்க. ரெண்டு பேருக்கும் என்னைவிட வண்டி நல்லா வரும்.

கணக்கு போட்டுப் பாருங்க. மண் டிராக்ல புதுசா வர்றவன் அம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்த எட்டுறதே பெரிய விஷயம், அடுத்த வளைவு அதுக்குள்ள வந்துடும். எதிர்ல லாரி கிடையாது, டிவைடர் கிடையாது, குறுக்க வர்ற மாடு கிடையாது. தலையிலருந்து கால் வரைக்கும் கவசம் போட்டிருப்பீங்க. ஒழுங்கா நடத்துற ரேஸ்னா ஆம்புலன்ஸும் டாக்டரும் பக்கத்துலயே நிப்பாங்க. நாலுவழிச்சாலையில இதுல எது இருக்கு? அதோட, பொது ரோட்டுல ரேஸ் விட்டா மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவு இருக்கு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் முதல் தடவைக்கே மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லாட்டி ஐயாயிரம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

அதுக்காக மண்ணு பஞ்சு மெத்தைன்னு சொல்ல வரல. 2015ல டக்கார் ரேலியில ஓடின முதல் இந்தியர் சி.எஸ்.சந்தோஷ். அவரே 2021 டக்கார்ல சவுதி பாலைவனத்துல விழுந்து, மருந்து கொடுத்து கோமாவுல வைக்கிற நிலைமைக்குப் போயிட்டுத்தான் மீண்டு வந்தார். ஆனா டக்கார்ங்கறது மலையோட உச்சி. நான் பேசறது அடிவாரத்துல கிடக்குற முதல் படிய பத்தி.

இன்னொண்ணு. இது பணக்கார வெளிநாட்டுக்காரன் விளையாட்டுன்னு சொல்றவங்களுக்கு ஹரித் நோவாவ தெரியாதுபோல. நம்ம பக்கத்து மாநிலம், ஷொர்ணூர்க்காரர். தேசிய சூப்பர்கிராஸ்ல பலமுறை ஜெயிச்சுட்டு டக்கார் போனார். 2021ல 20ஆவது இடம், 2024ல ரேலி-2 பிரிவுல முதல் இடம், மொத்தத்துல 11ஆவது. அவர் ஓட்டின டீம்ல பாதி நம்ம ஓசூர் டிவிஎஸ், மீதி பிரான்ஸ் ஷெர்கோ. பெங்களூரு ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019ல பெண்களுக்கான பாஹா உலகக் கோப்பையையே ஜெயிச்சுட்டு வந்தாங்க. நாம இன்னும் "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு வண்டி"ன்னு கேட்டுட்டு இருக்கோம் :-)

சரி, எப்படி ஆரம்பிக்கறது?

எல்லாரும் முதல்ல கேக்கறது "எந்த வண்டி?". தப்பான கேள்வி. முதல் காசு பூட்ஸுக்கு. கெண்டைக்கால் முழுக்க மூடற, பக்கிள் வச்ச மோட்டோகிராஸ் பூட்ஸ். மண்ணுல வண்டி சாயும்போது கால் தான் முதல்ல அடியில மாட்டும். அப்புறம் ஹெல்மெட், கண்ணாடி, நெஞ்சு முதுகு கவசம், முட்டிக்கு கார்டு, கையுறை. பூட்ஸ் மட்டுமே பத்தாயிரத்த தாண்டும். "அம்புட்டு ரூவாய்க்கு செருப்பா? சவத்த, அதுல ரெண்டு பவுன் எடுத்திருக்கலாமே மக்ளே"ன்னு எங்க அம்மா கேட்டாங்க. அம்மாவோட பவுன் விலை இன்னும் இருபது வருஷம் பின்னாடிதான் நிக்குது. நான் வாயத் திறக்கல.

வண்டிக்கு வருவோம். நிஜ மோட்டோகிராஸ் வண்டி, கவாசாகி கேஎக்ஸ் மாதிரி, ஏழெட்டு லட்சத்துக்கு மேல. நம்பர் பிளேட் கிடையாது, ரோட்டுல ஓட்டக்கூடாது, டெம்போவுல ஏத்தித்தான் கொண்டு போகணும். முதல் வருஷம் அது வேண்டவே வேண்டாம். 2019ல வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 இப்ப செகண்ட் ஹாண்ட்ல கிடைக்குது. முன்னாடி 21 இன்ச் வீல், பின்னாடி 18, தரையிலருந்து 220 மில்லிமீட்டர் உயரம். 154 கிலோ கொஞ்சம் கனம்தான். ஆனா விழுந்தா பார்ட்ஸ் நாகர்கோவில்லயே கிடைக்கும், திங்கக்கிழமை அதுலயே ஆபீஸ் போகலாம். டயர மட்டும் பொத்தான் டயரா மாத்துங்க. ஓட்டி முடிச்சதும் ஏர் ஃபில்டர கழட்டி சுத்தம் பண்ணுங்க. எங்க ஊர் செம்மண் பவுடர் மாதிரி, உள்ள போனா இஞ்சினுக்குள்ள உப்புத்தாள் போட்டு தேய்ச்ச கதைதான்.

ஓட்டறது தனிக்கலை. ரோட்டுல பழகினதுல பாதிய மறக்கணும். முதல்ல எழுந்து நிக்கப் பழகணும். ஃபுட்ரெஸ்ட்ல ரெண்டு காலையும் ஊன்றி, முட்டியால டேங்க்க இறுக்கி, முழங்கைய வெளிப்பக்கமா தூக்கிக்கணும். வண்டி அடியில ஆடட்டும், நீங்க ஆடாதீங்க. பார்வை முன் வீல்ல இருக்கக்கூடாது, பத்திருவது மீட்டர் முன்னாடி போகணும். கல்லப் பார்த்தீங்கன்னா கல்லுலதான் போய் முட்டுவீங்க. வளைவுல வண்டிய சாய்ச்சுட்டு நீங்க நிமிர்ந்து உட்காரணும். உங்க எடை வெளிப்பக்க ஃபுட்ரெஸ்ட்ல, உள்பக்கக் கால் முன்னாடி நீட்டினபடி. பின் வீல் வழுக்கும். வழுக்கட்டும். பயந்துபோய் ஆக்சிலேட்டர பட்டுனு மூடறவன்தான் விழுவான்.

மண்ணுக்கு ஆதரவா நான் பேச முக்கியக் காரணமே இதுதான். மழை பேஞ்ச மறுநாள் தக்கலை ரோட்டுல வளைவுல சரள் கிடக்கும்ல, அதுல பின் வீல் வழுக்கினா சாதாரண ஆளுக்கு உசுரு போயிட்டு வரும். மண்ணுல ஆயிரம் தடவை வழுக்கினவனுக்கு அது ஒரு விஷயமே இல்ல. லைசென்ஸ் வாங்க எட்டு போட வைக்கிறாங்களே, அதுக்கு பதிலா ரெண்டு மணி நேரம் மண்ணுல ஓட்ட வச்சா எவ்வளவோ நல்லது.

இதெல்லாம் புத்தகத்துல படிச்சு வராது. ரெண்டு நாள் சேமிச்ச லீவ போட்டு ஒரு பயிற்சிக்குப் போங்க. கோலார் பக்கம் சந்தோஷ் ஆரம்பிச்ச பிக் ராக் இருக்கு. ஐலண்ட் எக்ஸ்பிரஸ் புடிச்சா பெங்களூரு. கேரளாவுலயும் சொல்லிக் கொடுக்கறவங்க உண்டு.

ரேஸ்னு வந்தா, எஃப்எம்எஸ்சிஐ அனுமதி வாங்கின ரேஸான்னு முதல்ல பாருங்க. இந்திய மோட்டார் விளையாட்டு கிளப்புகளோட கூட்டமைப்பு அது. அங்க மருத்துவச் சான்றிதழ் கொடுத்து போட்டி லைசென்ஸ் எடுக்கணும். உங்க சாதாரண பைக் இன்சூரன்ஸ் பாலிசியையும் ஒரு தடவை எடுத்து படிங்க. ரேஸுக்கு செல்லாதுன்னு பொடி எழுத்துல போட்டிருப்பான். புதுமுகங்களுக்கான பிரிவுல பேரு கொடுங்க, முதல் வளைவுல எல்லாரையும் முன்னாடி விட்டுடுங்க. அங்கதான் பத்து வண்டி ஒண்ணுமேல ஒண்ணா குவியும். நான் என் முதல் ரேஸ்ல கடைசிக்கு முந்தின இடம். கடைசி ஆளுக்கு செயின் அறுந்துடுச்சு, அதான்.

இப்ப என் ஆதங்கத்துக்கு வர்றேன். ஓட்டத் தெரிஞ்சவன் எங்க மாவட்டத்துல ஏற்கனவே நிறைய இருக்கான். குலசேகரம், கீரிப்பாறை பக்கம் போய்ப் பாருங்க. விடியக்காலையில ரப்பர் தோட்டத்துச் சரிவுல, பழைய ஸ்பிளெண்டர்ல பால் கேனைக் கட்டிக்கிட்டு, வழுக்குற செம்மண்ல இறங்கி வருவாங்க. அவங்கள்ல ஒருத்தனுக்கு நல்ல வண்டியும் பூட்ஸும் கொடுத்தா நானெல்லாம் தூசிதான் திங்கணும். இல்லாதது இடம் மட்டும். சின்ன மாவட்டம், 2011 கணக்குப்படியே 18 லட்சத்துக்கு மேல ஆளு. வடக்க காடு, மீதி வயலும் வீடும்.

பெரிய ஸ்டேடியம் எல்லாம் கேக்கல. ஒரு ஏக்கர் இருந்தா இருநூறு மீட்டர் சுத்து போட்டுடலாம். மாசியில கும்பப்பூ அறுத்ததுக்கும் கன்னிப்பூ விதைக்கறதுக்கும் நடுவுல வயல் காஞ்சு கிடக்கும். உடமஸ்தர்கிட்ட கேட்டு, வரப்ப உடைக்காம, ரெண்டு ஞாயித்துக்கிழமை ஓட்டிட்டு திருப்பிக் கொடுக்கலாம். அதுவும் வேண்டாம்னா, வயல மூடி கல்லு நட்டு விக்காம கிடக்குற பிளாட்டுக்கு எங்க ஊர்ல பஞ்சமா என்ன? ரோட்டுல பசங்கள விரட்டிப் புடிக்கறதோட நிறுத்தாம, இப்படி ஒரு இடத்த நாலு ஊருக்கு ஒண்ணுன்னு காட்டிக் கொடுத்தா என்ன குறைஞ்சு போயிடும்? கிரிக்கெட்டுக்கு ஒதுக்கறாங்கல்ல.

டிஸ்கி: தயவுசெஞ்சு காட்டுக்குள்ள ஓட்டப் போகாதீங்க. அது சரணாலயம், கேஸும் ஆகும், யானையும் வரும். மாசி அறுப்பு முடிஞ்சதும் பூதப்பாண்டி பக்கம் ஒரு வயல் பேசி வச்சிருக்கோம். வர்றவங்க சொல்லுங்க. ஒம்பதாம் நம்பர் பூட்ஸ் ஒரு ஜோடி கூடுதலா இருக்கு.