பறந்தால்தான் பட்டம்

"இதையும் ஷோகேஸ்ல வைக்கத்தான் வாங்குறியாம்மா?"

மகள் இப்படிக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. என் கையில் ஒரு பட்டம். மூங்கில் சட்டத்தில் பட்டுத்துணி ஒட்டி, சிறகு முழுக்கப் பூவும் வண்ணத்துப்பூச்சியுமாக வரைந்த தகைவிலான் குருவி. விலை 120 யுவான், நம் பணத்துக்கு ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு மேல். வீட்டு ஹாலில் எந்தச் சுவரில் மாட்டினால் எடுப்பாக இருக்கும் என்றுதான் அதுவரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் நின்றிருந்தது சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில் உள்ள வெய்ஃபாங் நகரத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில். கணவருக்கு சிங்தாவ் நகரில் அலுவலக வேலை. மே மாத விடுமுறை என்பதால் நானும் பன்னிரண்டு வயது மகளும் அவருடன் தொற்றிக்கொண்டோம். அவர் மீட்டிங் மீட்டிங் என்று ஓட, நாங்கள் இருவரும் இரண்டு நாளுக்கு வெய்ஃபாங்குக்கு ரயில் ஏறிவிட்டோம். அதிவேக ரயிலில் சுமார் ஒரு மணி நேரப் பயணம்தான்.

வெய்ஃபாங்குக்கு 'உலகப் பட்டத் தலைநகரம்' என்று பெயர். 1984 முதல் இங்கே சர்வதேசப் பட்டத் திருவிழா நடக்கிறது. சர்வதேசப் பட்டக் கூட்டமைப்பின் தலைமையகமும் இங்கேதான். கைவினைக்கும் நாட்டுப்புறக் கலைக்கும் பேர்போன நகரம் என்று 2021-ல் யுனெஸ்கோ இதைத் தன் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் சேர்த்தது. ஏப்ரலில் நடக்கும் திருவிழாவை நாங்கள் தவறவிட்டுவிட்டோம். ஆனால் திருவிழா முடிந்த ஊரிலும் தெருவிளக்கு, கடைப் பலகை, சாவிக்கொத்து என்று எங்கு பார்த்தாலும் பட்டம்தான்.

முதல் நாள் பட்ட அருங்காட்சியகத்துக்குப் போனோம். கட்டடத்தின் கூரையே ஒரு பட்டம்! டிராகன் தலையும் பூரான் உடம்புமாக நீண்டு கிடக்கிறது. இந்த 'டிராகன் தலைப் பூரான்'தான் வெய்ஃபாங்கின் அடையாளம். உள்ளே நிஜப் பட்டத்தையே பார்க்கலாம். பெரிய டிராகன் தலைக்குப் பின்னால் வட்ட வட்டமான தட்டுகள் வரிசையாகக் கயிற்றில் கோத்திருக்கின்றன. ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு பக்கமும் மூங்கில் குச்சிகள், நுனியில் இறகுகள். அவைதான் பூரானின் கால்கள். ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் காற்றைப் பிடிக்கும். ஒருவர் மட்டும் நின்று ஏற்றிவிட முடியாது, நாலு பேர் கை கொடுக்க வேண்டும்.

பட்டத்தின் தொடக்கம் பற்றி ஒரு பழங்கதை உண்டு. மோட்ஸு என்ற ஞானி மூன்று வருடம் பாடுபட்டு மரத்தில் ஒரு பறவை செய்தாராம். அது ஒரே ஒரு நாள் பறந்து உடைந்துபோனதாம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய 'ஹான் ஃபெய்சி' என்ற நூலில் வரும் கதை இது. மகளுக்குச் சொன்னேன்.

"பாவம்மா அவர்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா பறந்துச்சுல்ல?" என்றாள்.

மறுநாள் யாங்ஜியாபு கிராமம். சீனாவில் புத்தாண்டுக்கு வீட்டில் ஒட்டும் வண்ணப் படங்களை மரக்கட்டையில் செதுக்கி அச்சடிப்பார்கள். அதற்குப் புகழ்பெற்ற மூன்று இடங்களில் இதுவும் ஒன்று. மற்ற இரண்டும் தியான்ஜினின் யாங்லியூச்சிங்கும் சூஜோவின் தாவ்ஹுவாவூவும். யாங்ஜியாபுவில் மிங் பேரரசு காலத்திலிருந்தே இந்தத் தொழில் நடக்கிறது.

முதலில் கறுப்புக் கோடுகளுக்கு ஒரு கட்டை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை. சிவப்பு ஒரு முறை, மஞ்சள் ஒரு முறை, பச்சை ஒரு முறை என்று அதே தாளை மீண்டும் மீண்டும் வைத்துத் தேய்த்து எடுக்கிறார்கள். தாள் ஒரு நூல் நகர்ந்தாலும் சாமியின் மூக்கில் மீசை ஏறிவிடும். கதவில் ஒட்டும் காவல் தெய்வங்கள், அடுப்பங்கரை தெய்வம், பெரிய மீனைக் கட்டிப்பிடித்திருக்கும் குண்டுக் குழந்தை என்று விதவிதமான படங்கள். சீனத்தில் மீனுக்கும் மிச்சத்துக்கும் ஒரே உச்சரிப்பு. அதனால் மீன் படம் ஒட்டினால் வருஷா வருஷம் வீட்டில் மிச்சம் இருக்கும் என்று நம்பிக்கை. மாதக் கடைசியில் எல்லா வீட்டுக்கும் தேவைப்படும் படம்தான்!

எனக்கு ஒரு சந்தேகம். புத்தாண்டு முடிந்துவிட்டால் இந்தப் படங்களை யார் வாங்குவார்கள்? வருமானத்துக்கு என்ன செய்வார்கள்? அதற்குப் பதில்தான் பட்டம். குளிர்காலம் முழுக்கப் படம் அச்சடிப்பார்கள். புத்தாண்டு முடிந்ததும் அதே தாள், அதே வண்ணம், அதே கைகள் பட்டம் செய்யத் தொடங்கிவிடும். வசந்தகாலக் காற்று வீசும்போது பட்டம் சந்தைக்குப் போய்விடும். குடும்பத்தை நடத்த இப்படி ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கிராமத்துக் கடை ஒன்றில்தான் குருவிப் பட்டத்தைக் கையில் எடுத்தேன். கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். பக்கத்துக் கடையில் நைலான் பட்டம் 25 யுவானுக்குக் கிடைக்கிறது. நம் வழக்கப்படி பேரம் ஆரம்பித்தேன். மொபைல் மொழிபெயர்ப்பில், "80 யுவானுக்குத் தருவீர்களா?" என்று கேட்டேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. ஒரு முக்காலியைத் தள்ளிப்போட்டு உட்காரச் சொன்னார். என் கையில் ஒரு மூங்கில் துண்டையும் கத்தியையும் கொடுத்து, சீவு என்று ஜாடை காட்டினார்.

முதல் குச்சி உடைந்தது. இரண்டாவது ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்துபோனது. அவர் அதை வாங்கித் தன் ஆள்காட்டி விரலில் நடுவாக வைத்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. பிறகு தான் சீவிய குச்சியை வைத்தார். தராசு முள் மாதிரி அசையாமல் நின்றது. இரண்டு சிறகும் ஒரே எடை இல்லாவிட்டால் பட்டம் குட்டிக்கரணம் போடும். இதற்குப் பிறகுதான் குச்சியை விளக்குச் சூட்டில் காட்டி வளைக்க வேண்டும், கட்ட வேண்டும், துணி ஒட்ட வேண்டும், வரைய வேண்டும்.

பேசாமல் 120 யுவானை எடுத்துக் கொடுத்தேன். மகள் அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான்.

மொழி புரியாவிட்டாலும் அந்த அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. டப்பாவில் வைத்த பட்டத்தை வெளியே எடுத்தார். கட்டுக்கயிற்றின் முடிச்சைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார். ஒரு நூல்கண்டை எடுத்து மகளின் கையில் வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

சென்னையில் காத்தாடி என்றாலே மாஞ்சாவும் போலீஸ் கேஸும்தான் எனக்கு நினைவு வரும். மாஞ்சா கழுத்தை அறுத்த செய்தியைப் படித்துப் படித்தே, மகளை ஒரு நாளும் காத்தாடி விட அனுமதித்ததில்லை. அன்று சாயங்காலம் பாய்லாங் ஆற்றங்கரையில் தாத்தாக்களும் பேரப்பிள்ளைகளும் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பட்டத்தை இன்னொருவர் அறுக்கவில்லை. சாதாரண நூல்தான்.

மூன்று முறை தரையில் மோதியது. ஒவ்வொரு முறையும் என் நெஞ்சில் 120 யுவான் மோதியது. நாலாவது முறை ஒரு தாத்தா வந்து, ஓடாதே, நின்றபடியே நூலை இழுத்து இழுத்து விடு என்று கையால் காட்டினார். குருவி ஏறியது. கட்டடங்களைத் தாண்டி, பொடிப் புள்ளியாக ஏறியது. மகள் கத்திய கத்தலில் ஆற்றங்கரையே திரும்பிப் பார்த்தது.

இறங்கும்போது மரக்கிளையில் உரசி இடது சிறகில் விரல் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. நான் திட்டவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்: விசா முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். சீனாவில் கூகுளும் வாட்ஸ்அப்பும் சாதாரணமாக வேலை செய்யாது. மொழிபெயர்ப்புச் செயலியையும் அலிபேயையும் ஊரிலிருந்தே மொபைலில் ஏற்றிக்கொள்ளுங்கள். சைவம் சாப்பிடுபவர்கள், 'இறைச்சி, மீன் வேண்டாம்' என்று சீன எழுத்தில் ஒரு சீட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஏப்ரல் திருவிழாவுக்குப் போவதானால் ஓட்டல் அறையை முதலிலேயே பிடித்துவிடுங்கள்.

குருவி இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஆனால் ஹால் சுவரில் இல்லை. இடது சிறகில் ஒரு சிவப்புத் துணி ஒட்டுடன் மகளின் அறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. நூல்கண்டும் பக்கத்திலேயே.

"இந்த ஞாயித்துக்கிழமை காத்து எப்படிம்மா இருக்கும்?" என்று காலையில்கூடக் கேட்டாள்.