செரிமானம் கேள்வியில் வராது

2023 டிசம்பரில் ஒரு நாள். வங்கியில் நகைக் கடன் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். ஒரு அம்மா கர்ச்சீப்பில் முடிந்து கொண்டுவந்த தோட்டையும் மூக்குத்தியையும் அவிழ்த்து வைத்தாங்க. கூட ஒரு பையன். அப்ரைசர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "தோடு மட்டும்தாம்மா தேறும்" என்றார். எதற்குப் பணம் என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. கேட்டேன். "பையனுக்கு டாக்டர் கோச்சிங் சார். ரெண்டாவது வருஷம்." முகவரிக் கட்டத்தில் ஊர் பெயருக்கு முன்னால் 'காலனி' என்று இருந்தது. மேற்கொண்டு கேட்க எதுவுமில்லை. நானும் அப்படி ஒரு முகவரியிலிருந்து வந்தவன்தான்.

டோக்கனுக்குக் காத்திருந்த நேரத்தில் பையன் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். நீட் பாடத்திட்டம். பாதிக்குப் பாதி பேனாவால் அடித்திருந்தான். "என்னப்பா இது?" என்றேன். "புது சிலபஸ் சார். நவம்பர்ல விட்டாங்க. போன வருஷம் உயிரைக் குடுத்துப் படிச்சதை எல்லாம் எடுத்துட்டாங்க." ஒரு வரியில் விரலை வைத்துச் சிரித்தான். "செரிமானத்தையும் எடுத்துட்டாங்க சார். இனிமே டாக்டருக்குப் படிக்கப் போறவனுக்கு சோறு எப்படி செரிக்குதுன்னு தெரிய வேண்டியதில்லை."

அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் செரிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

*

நடந்தது இதுதான். கொரோனாவுக்குப் பிறகு மாணவர் சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி 2022இல் என்.சி.இ.ஆர்.டி. தன் பாடநூல்களில் கத்தி வைத்தது. உயிரியலில் செரிமானமும் உட்கிரகித்தலும் போனது. தாவரங்களின் கனிம ஊட்டம் போனது. உணவு உற்பத்தியைப் பெருக்கும் உத்திகள் போனது. சுற்றுச்சூழல் பிரச்சினைகள் போனது. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் 2024 நீட்டுக்கான பாடத்திட்டத்தை வெளியிட்டபோது இந்த வெட்டுகள் அதிலும் வந்து உட்கார்ந்தன. தேர்வு மே மாதம். இடையில் ஆறு மாதம்கூட இல்லை.

போனவை எவை என்று வரிசையாகப் பாருங்கள். சோறு. மண். விளைச்சல். சாக்கடை. நம் ஆட்கள் எதில் வாழ்ந்து எதில் சாகிறார்களோ அதெல்லாம் 'சுமை' ஆகிவிட்டது. திட்டம் போட்டு நம்மை நினைத்துத்தான் எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படி நினைத்திருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். எடுத்தபோது எதையோ இழக்கிறோம் என்று அந்த அறையில் யாருக்கும் உறுத்தவில்லை, அதுதான் விஷயம். பசித்த வயிறு எப்படி இருக்கும் என்று தெரிந்தவன் ஒருத்தன் அந்த மேசையில் இருந்திருந்தால் பேனா கொஞ்சம் நின்றிருக்கும்.

இன்னொரு கூத்து இருக்கிறது. தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தில் செரிமானப் பாடம் இருக்கத்தான் செய்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளை அதைப் பள்ளித் தேர்வுக்குப் படிக்கணும், நீட்டுக்கு மறக்கணும். சுமை குறைந்தது யாருக்கு? காசு கட்டிய கோச்சிங் சென்டர் அடுத்த வாரமே புது மாட்யூல் அச்சடித்துவிடும். பழைய கைடை பாதி விலைக்கு வாங்கிப் படிக்கிறவனுக்கு அது காகிதமாகிவிடும். பாடத்திட்டம் நகரும்போது கூடவே நகர வண்டி உள்ளவன் நகர்கிறான். நடக்கிறவன் நின்ற இடத்தில் நிற்கிறான்.

*

கோட்டை நகர்த்துவது இன்று நேற்று வந்த வேலையில்லை. 1984இல் தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. 2006இல் சட்டம் போட்டு அதை எடுத்தார்கள். அதன்பின் 2016 வரை அரசு மருத்துவக் கல்லூரிகளுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே கணக்கு. அது பொற்காலம் என்று நான் ஏமாற்ற மாட்டேன். பதினோராம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்காமலே இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பை மனப்பாடம் பண்ண வைத்த விடுதிப் பள்ளிகள் அப்போதும் இருந்தன. கோழிப் பண்ணை என்று ஊரே பேசியது. ஆனாலும் கேள்வி எந்தப் புத்தகத்திலிருந்து வரும் என்பது குழுமூர்ப் பிள்ளைக்கும் தெரியும், சென்னைப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் புத்தகம் இரண்டு பேர் கையிலும் இருந்தது.

2017இல் அந்தப் புத்தகத்தைப் பிடுங்கினார்கள். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், 1200க்கு 1176 எடுத்தாள். நீட்டில் 720க்கு 86. இரண்டு தேர்வுக்கும் நடுவில் சில வாரங்கள்தான். அதற்குள் அந்தப் பெண்ணின் மூளை சுருங்கிப் போய்விட்டதா? மூளை மாறவில்லை, புத்தகம் மாறியது. படித்த பாடத்திலிருந்து கேட்டால் 1176, படிக்காத பாடத்திலிருந்து கேட்டால் 86. உச்ச நீதிமன்றப் படி வரைக்கும் ஏறி இதைத்தான் அந்தப் பிள்ளை சொன்னாள். 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அவளை இழந்தோம். இதற்குப் பிறகும் 'தகுதி' என்று பேசுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்தப் புத்தகத்தின் தகுதி அய்யா?

அடுத்து மொழி. 2018இல் தமிழில் கொடுத்த கேள்வித்தாளில் 49 கேள்விகள் தப்பும் தவறுமாக இருந்தன. 'சீட்டா' என்கிற ஆங்கிலச் சொல்லைச் சிறுத்தை என்று போடத் தெரியாமல் 'சீத்தா' என்று போட்டு வைத்தார்கள். சிறுத்தை என்ற சொல்லே அவர்கள் வாயில் வராதுபோல. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 49 கேள்விக்கும் நாலு மார்க் வீதம் 196 மார்க் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவிட்டது. மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலமே இறுதி என்பது தேர்வு நடத்துகிறவர்களின் விதி. ஆங்கிலம் தெரிந்தவன் எதற்காகத் தமிழ்த் தாள் வாங்குகிறான்? நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். நீட்டுக்கு முன் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு அருகில் இருந்த தமிழ்வழி மாணவர் பங்கு நீட்டுக்குப் பின் ஒற்றை இலக்கத்தில் விழுந்து கிடக்கிறது.

சரி, நாமும் பழகிக்கொள்வோம் என்று தமிழ்நாடு 2018லும் 2019லும் மேல்நிலைப் புத்தகங்களைத் திருத்தி எழுதியது. பிள்ளைகள் மூச்சு வாங்கி எட்டிப் பிடித்தபோது, 2021இல் 200 கேள்வி கொடுத்து 180 எழுது, சிலதை நீயே தேர்ந்துகொள் என்றார்கள். 2024இல் பாடத்தை மாற்றினார்கள். 2025இல் தேர்ந்துகொள்ளும் வசதியையும் பிடுங்கிக்கொண்டு 180 கேள்வி, 180 நிமிடம் என்றார்கள். அந்த வருடம் இயற்பியல் கேள்விகளைப் பார்த்து நாடு முழுக்கப் பிள்ளைகள் அழுதார்கள். உயிரியலுக்கு 90 கேள்வி, இயற்பியலுக்கு 45தான். ஆனால் ரேங்க்கைத் தீர்மானித்தது அந்த 45. கிராமத்து மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார் இடம் காலியாகக் கிடந்தால் என்ன ஆகும் என்று படித்தவர்களுக்குத் தெரியும்.

*

நானும் ஒரு போட்டித் தேர்வு எழுதித்தான் இந்த நாற்காலிக்கு வந்தேன். இத்தனை மீட்டர் ரயில் இத்தனை மீட்டர் பிளாட்பாரத்தை எத்தனை நொடியில் கடக்கும் என்று கேட்டார்கள். பல வருடமாக கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன், இன்றுவரை ஒரு ரயிலும் கடந்து போகவில்லை. கைநாட்டு வைக்க வருகிற கிழவிக்கு செலான் நிரப்பிக் கொடுக்கணும், அவள் முதியோர் பணம் ஏன் வரலைன்னு பதில் சொல்லணும். அதை யாரும் தேர்வில் கேட்கவில்லை. தேர்வு வேலைக்கு ஆள் எடுப்பதில்லை. எல்லாரையும் உள்ளே விட முடியாது என்பதால் யாரை வெளியே நிறுத்துவது என்று தீர்மானிக்கிறது. எதைக் கேட்கிறார்கள் என்பதில்தான் அந்தத் தீர்மானம் இருக்கிறது.

இது நம் ஊர் நோய் மட்டுமில்லை. அமெரிக்காவில் 1910இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்பவர் மருத்துவக் கல்லூரிகளின் தரம் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். தரம் என்கிற பெயரில் கல்லூரிகள் மூடப்பட்டன. ஏழு கறுப்பர் மருத்துவக் கல்லூரிகளில் ஹோவர்டும் மெஹாரியும் மட்டும் மிஞ்சின. கறுப்பு மருத்துவருக்கு அறுவைச் சிகிச்சையைவிட சுகாதாரம் கற்பித்தால் போதும் என்பது அந்த அறிக்கையின் தொனி. சுகாதாரம்! அந்த வார்த்தையை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? நம்மையும் சுகாதாரப் பிரிவில்தானே சேர்த்துக்கொள்கிறார்கள், துடைப்பத்தோடு.

ஆனால் அதே அமெரிக்காவில் 2015இல் மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டைத் திருத்தியபோது, நான்கு பகுதிகளில் ஒரு பகுதியை உளவியலுக்கும் சமூகத்துக்கும் ஒதுக்கினார்கள். சமூக ஏற்றத்தாழ்வு எப்படி நோயாகிறது என்பது அங்கே பாடம். அதனால் அங்கே இனவெறி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கறுப்பு மருத்துவர்கள் இன்னும் மக்கள்தொகைப் பங்குக்கு வெகு கீழேதான் இருக்கிறார்கள். புத்தகத்தில் ஓர் அத்தியாயம் சேர்ப்பதும் வாசலைத் திறப்பதும் ஒன்றில்லை. ஆனால் பாடத்தின் அழுத்தத்தை வேறு பக்கமும் சாய்க்க முடியும் என்பதற்கு அது சாட்சி. இங்கே 180 கேள்வியில் சாதி என்ற சொல்லுக்கு ஒரு கேள்விக்குக்கூட இடமில்லை.

இடமில்லாததால் என்ன நடக்கிறது? பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களை எய்ம்ஸில் எப்படி நடத்துகிறார்கள் என்று 2007இல் தோரட் குழு எழுதிக் காட்டியது. 2019இல் மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தட்வியைப் பறிகொடுத்தோம். சாதி பற்றி ஒரு வரி படிக்காமல் டாக்டர் ஆகிறவர்கள், வீட்டில் படித்த சாதியோடுதான் வார்டுக்குள் வருவார்கள்.

*

மருத்துவம் நமக்குப் புதுசா? மருத்துவர் என்பது இந்த மண்ணில் சவரத் தொழிலாளரின் சாதிப் பெயர். மருத்துவச்சி என்றால் பிரசவம் பார்த்தவள். ஊர்த் தெருவின் பிள்ளைகளைச் சேரிக் கிழவிகளின் கை வாங்கிப் போட்டிருக்கிறது. தொப்புள்கொடி அறுக்கும்போது இல்லாத தீட்டு திண்ணையில் உட்காரும்போது வந்தது. 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்ததைச் சாதித் தடையை உடைத்த நாள் என்று வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்கள். காலங்காலமாகப் பிணத்தைத் தொட்டுத் தூக்கி எரித்தவனை எந்த வரலாறும் எழுதவில்லை. இன்றைக்கும் அரசு ஆஸ்பத்திரிப் பிணவறையில் மண்டையோட்டைத் திறந்து கொடுக்கிற கை யாருடையது, பக்கத்தில் நின்று அறிக்கை எழுதுகிற கை யாருடையது என்று போய்ப் பாருங்கள்.

அதனால் நான் சில கேள்விகள் தயாரித்திருக்கிறேன். சரியான விடைக்கு நாலு மார்க், தப்பானால் மைனஸ் ஒன்று, அவர்கள் விதிப்படியே.

ஒன்று: மலக்குழியில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற வாயு, அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று இறங்குகிறவன் செத்துப்போகிறான். அந்த வாயு எது? 2013 சட்டம் தடை செய்த பிறகும் அவனை இறக்கியது யார்?

இரண்டு: தோல் பதனிடும் தொட்டியில் நிற்கிறவன் கையிலும் காலிலும் குரோமியத்தால் புண் வருகிறது. அந்தத் தோலில் தைத்த ஷூவைப் போட்டிருக்கிறவன் காலில் ஏன் வருவதில்லை?

மூன்று: ரத்தசோகையோடு பிரசவத்துக்கு வந்த பெண்ணிடம், "ஏம்மா, கீரை முட்டையெல்லாம் சாப்பிடக் கூடாதா?" என்று கேட்கிற டாக்டர் எந்தப் பாடத்தில் ஃபெயில்?

*

தோழர்களே, இனி நம்மிடமே ஒரு வார்த்தை. ஒரு பிள்ளை செத்தால் நாம் தெருவுக்கு வருகிறோம். பேனர் வைக்கிறோம், வீரவணக்கம் சொல்கிறோம். 2023 நவம்பரில் பாடத்திட்டம் மாறியபோது நம் பக்கத்திலிருந்து ஒரு துண்டறிக்கைகூட என் கண்ணில் படவில்லை. நீட் எதிர்ப்பைச் சட்டமன்றத் தீர்மானங்களுக்கு விட்டுவிட்டோம். 2021லும் 2022லும் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதுவும் அதே நீட்டைத் தாண்டினால்தான்.

நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். பிளஸ் டூ மதிப்பெண்ணும், அரசுப் பள்ளி, முதல் தலைமுறை என்கிற கணக்கும்தான் வாசலாக வேண்டும். அதுவரை தேர்வு இருந்து தொலைத்தால், மாற்றுகிற பாடம் எதுவானாலும் பதினோராம் வகுப்பில் புதிதாகச் சேருகிற பிள்ளையிலிருந்துதான் தொடங்க வேண்டும். நடுவழியில் நகர்த்தக் கூடாது. மருத்துவப் படிப்பில் சாதியும் பசியும் பாடமாக வேண்டும். பாடத்திட்டம் தீர்மானிக்கிற மேசையில் நம் ஆள் உட்கார வேண்டும். இதற்கு முதல் வேலை, ஒவ்வொரு காலனியிலும் நாலு பேர் அந்தப் பாடத்திட்டத்தை உட்கார்ந்து வரிக்கு வரி படிப்பது. சட்டத்தைப் படிக்கிற மாதிரி படிப்பது.

அந்த அம்மாவின் தோடு இன்னும் எங்கள் கிளைப் பெட்டகத்தில்தான் இருக்கிறது. வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே வருகிறாங்க. ஒவ்வொரு முறையும் ரசீது எழுதுவது நான்தான். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது நான் மட்டுமில்லை.