பிப்ரவரியில் பேசலாம்

2023 பிப்ரவரியில் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். திருவண்ணாமலைப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. நான் படித்த கல்லூரிதான், பெயர் வேண்டாம். வாசல் பேனரில் ஒரு பக்கம் மார்ட்டின் லூதர் கிங், இன்னொரு பக்கம் நான். கிங்கைவிட நான் கொஞ்சம் பெரிதாக இருந்தேன். நிகழ்ச்சியின் பெயர் 'பிளாக் ஹிஸ்டரி மந்த் செலிப்ரேஷன்'. ஏதோ ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து இரண்டு பேராசிரியர்கள் திரையில் வந்து கையசைத்தார்கள்.

குறை சொல்ல முடியாது, பசங்க நன்றாகத்தான் செய்தார்கள். ஒரு பையன் கிங்கின் வாஷிங்டன் உரையைப் பார்க்காமலே சொன்னான். மெக்கானிக்கல் பசங்க ஹிப்ஹாப் ஆடினார்கள். இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி ரோசா பார்க்ஸ் பற்றிப் பேசினாள். 1955 டிசம்பர் 1, மாண்ட்கோமரி, பேருந்தில் எழுந்திருக்க மறுத்தது, அதன்பிறகு 381 நாள் அந்த ஊர்க் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்தது. இடையில் ஒரு இடத்தில் அவள் குரல் உடைந்தது. முன்வரிசையில் ஒரு மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் மேடையேறுவதற்கு முன்னால், எனக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் வந்து குனிந்து சொன்னார்: "தம்பி, நீங்க என்ன வேணா பேசுங்க. லோக்கல் மேட்டர் மட்டும் வேண்டாம்."

லோக்கல் மேட்டர் என்றால் எது என்று இருவருக்குமே தெரியும். அதற்கு மூன்று வாரம் முன்பு, ஜனவரி 30ஆம் தேதி, இதே மாவட்டத்தில் தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூரில் தலித் மக்கள் ஊர் அம்மன் கோயிலுக்குள் போனார்கள். அறநிலையத் துறைக் கோயில். கலெக்டரும் போலீஸும் கூட வர வேண்டியிருந்தது. சுமார் 80 வருடத்தில் முதல் தடவை என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பொங்கல் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள், அவ்வளவுதான். கல்லூரி பஸ் போகிற ரூட்டிலிருந்து அதிக தூரம் இல்லை.

நான் இருபத்தைந்து நிமிஷம் பேசினேன். கிங், மால்கம் எக்ஸ், 1963, 1965 எல்லாம் வந்தது. தென்முடியனூர் வரவில்லை. கைதட்டினார்கள். பொன்னாடையை மடித்து பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அன்றைக்குப் பேசாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். தாமதம்தான், தெரியும்.

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அதே கல்லூரியில் என் முதல் வருடம், மேத்ஸ் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து கதவருகில் நின்று, "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பசங்கல்லாம் ஆபீஸ் ரூமுக்கு வாங்கப்பா" என்றார். பதினோரு பேர் எழுந்தோம். யார் எழுகிறார்கள் என்று மீதி ஐம்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அறிவிப்பை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கலாம். வருடா வருடம் வகுப்பில்தான் வந்து சொன்னார்கள். நான்கு வருடம் என் வரலாறு அந்தக் கல்லூரிக்குள் வந்த ஒரே வடிவம் அதுதான்: சாதிச் சான்றிதழ் ஜெராக்ஸ் இரண்டு, பாஸ்புக் முதல் பக்கம் ஒன்று. அதே கட்டடத்தில் ஒரு வரலாற்று மாதத்துக்கு என்னைத் தலைமை விருந்தினராகக் கூப்பிட்டார்கள். அது வேறு யாருடையதாகவோ இருந்ததால்தான் கூப்பிட்டார்கள்.

கறுப்பின வரலாற்றைக் கொண்டாடாதே என்று சொல்ல வரவில்லை. இன்னும் ஒழுங்காகக் கொண்டாடு என்கிறேன். இதை ஆரம்பித்தவர் யார், எதற்காக ஆரம்பித்தார் என்று அன்றைக்கு மேடையில் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கார்ட்டர் ஜி. உட்சன். அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். இளம் வயதில் மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. எழுதப் படிக்கத் தெரியாத சக தொழிலாளிகளுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டியவர். வரலாறு என்றால் என்ன என்று அவர்களிடம்தான் முதலில் கற்றுக்கொண்டவர். சுமார் இருபது வயதில்தான் உயர்நிலைப் பள்ளிக்கே போனார். 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம். 1915இல் கறுப்பின வரலாற்றுக்கென ஒரு சங்கம், அடுத்த வருடம் ஓர் ஆய்விதழ், 1926 பிப்ரவரியில் 'நீக்ரோ வரலாற்று வாரம்'. அந்த வாரம் பாட்டும் நடனமும் போடுவதற்காக வந்ததல்ல. பாடப்புத்தகத்தில் இல்லாத பக்கங்களைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோவதற்கு அவர் கண்டுபிடித்த வழி அது. ஆசிரியர்களுக்குப் பாடக்குறிப்பு அனுப்பினார், படங்கள் அனுப்பினார், ஆவணம் சேர்த்தார். வருடம் முழுக்கப் படித்ததை அந்த வாரத்தில் மாணவர்கள் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. வாரம் மாதமானது கல்லூரி மாணவர்களால்: ஓஹையோவில் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவர்கள் 1969இல் கேட்டார்கள், 1970இல் நடத்திக் காட்டினார்கள். அரசாங்கம் அங்கீகரித்தது 1976இல்தான். எந்தக் கல்லூரி நிர்வாகமும் ஒப்பந்தம் போட்டுக் கொடுத்த பண்டிகை இல்லை இது.

ஆக, உட்சனுக்கு உண்மையிலேயே மரியாதை செய்ய விரும்பும் திருவண்ணாமலைக் கல்லூரி என்ன செய்ய வேண்டும்? தன்னுடைய பாடப்புத்தகத்தில் எந்தப் பக்கம் இல்லை என்று தேட வேண்டும். ரோசா பார்க்ஸுக்காக அழுவதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கண்ணீருக்கு இங்கே ஒரு பைசா செலவு கிடையாது. மாண்ட்கோமரி பஸ் கம்பெனி முதலாளி நம் கல்லூரி டிரஸ்டியின் சம்பந்தி இல்லை. தென்முடியனூர் என்று மைக்கில் சொன்னால் யாரோ ஒருவருடைய சித்தப்பாவுக்குக் கோபம் வரும், அடுத்த வருடம் அட்மிஷன் குறையும். தூரத்து அநியாயம் என்றால் எல்லோரும் நல்லவர்களாகிவிடலாம்.

"அமெரிக்கா வேற, இங்க வேற சார், எல்லாத்தையும் சாதியோட முடிச்சுப் போடாதீங்க" என்று ஒரு வாதம் வரும். முடிச்சுப் போட்டது நான் இல்லை. ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி' எழுதியபோது, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அதைச் சமர்ப்பித்தார். 1946இல் அம்பேத்கர் டுபோய்ஸுக்குக் கடிதம் எழுதினார்: அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுக்கும் மனுவின் பிரதி வேண்டும், எங்கள் நிலையும் அதுவே என்று. டுபோய்ஸ் அனுப்புவதாகப் பதில் போட்டார். 1972இல் பம்பாயில் இளைஞர்கள் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கிங்கே 1959இல் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தினார். முதலில் சுருக்கென்றது, பிறகு யோசித்துப் பார்த்து ஆமாம், நான் அதுதான் என்று ஏற்றுக்கொண்டேன் என 1965இல் ஒரு பிரசங்கத்தில் அவரே சொன்னார். பேனரில் கிங் படம் போட்ட கல்லூரி அவருடைய இந்தப் பேச்சையும் ஒருமுறை போட்டுக் கேட்கலாம்.

இப்போது நண்பர்களே, உங்கள் பக்கம் திரும்புகிறேன். இந்த மாதிரி இதழ்களை வாசிக்கிறவர்கள் நாம். டோனி மாரிசன் தெரியும், பால்ட்வினின் நேர்காணல்களை இரவு இரண்டு மணிக்குப் பார்ப்போம், கென்ட்ரிக் லாமரை வரிக்கு வரி விளக்குவோம். நானும் அப்படித்தான். பால்ட்வினை இருபத்திரண்டு வயதில் வாசித்தேன். அயோத்திதாசரை வாசித்தபோது முப்பத்தொன்று. ஒன்பது வருட இடைவெளி. இத்தனைக்கும் அவர் எழுதியது என் தாய்மொழியில்.

அயோத்திதாசர் 1907இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்று வார இதழ் தொடங்கினார். அடுத்த வருடம் அது 'தமிழன்' ஆனது. 1914இல் இறக்கும் வரை நடத்தினார். சரித்திரம், மருத்துவம், பௌத்தம், அன்றாட அரசியல் என்று எல்லாம் எழுதினார். ஞான அலாய்சியஸ் தொகுத்து அவருடைய சிந்தனைகள் பெரிய தொகுதிகளாக வந்தது 1999இல்தான். நடுவில் 85 வருடம். அதுவரை அவர் நூல்களைத் திரும்பத் திரும்ப அச்சிட்டுக் காப்பாற்றி வைத்திருந்தவர்களில் முக்கியமானவர்கள் கோலார் தங்கவயல் பௌத்தர்கள். பல்கலைக்கழகங்கள் இல்லை, சுரங்கத்துக்குள் இறங்கியவர்களின் ஊர். வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து கும்பல் கும்பலாகப் போனவர்கள். என் பாட்டியின் அப்பாவும் அப்படிப் போனவர்தான். அவர் கையில் அந்த இதழ் ஒன்றாவது பட்டிருக்குமா என்று கேட்க இப்போது வீட்டில் ஆள் இல்லை. உட்சனின் சுரங்கத்தைப் பற்றி முதலில் படித்தபோது எனக்கு மேற்கு வர்ஜீனியா தோன்றவில்லை, தங்கவயல்தான் தோன்றியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வசைச் சொல்லையே பெருமையாக எடுத்து அணிந்துகொள்வதை அறுபதுகளின் அமெரிக்காவில் பார்த்து வியக்கிறோம். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தான் தொடங்கிய பத்திரிகைக்கு 'பறையன்' என்று பெயர் வைத்தார். மெட்ராஸில், வெள்ளைக்காரன் காலத்தில், அந்தப் பெயரை அட்டையில் அச்சடித்து ஏழு வருடம் நடத்தினார். அன்றைக்கு அந்த மேடையில் இதைச் சொல்லியிருந்தால் மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். என் பேச்சில் அதைவிட வீணான மூன்று நிமிஷங்கள் நிறைய இருந்தன.

கல்லூரிகள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பொய். 2022 முதல் அம்பேத்கர் பிறந்தநாள் தமிழ்நாட்டில் சமத்துவ நாள். உறுதிமொழி எடுக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகம் முதலாமாண்டுக்குத் 'தமிழர் மரபு' என்று ஒரு பாடம் வைத்திருக்கிறது; இசைக்கருவிகள் பகுதியில் மிருதங்கம், யாழோடு பறையும் இருக்கிறது. சந்தோஷம். கல்ச்சுரல்ஸ் தொடங்கி வைக்கவும் இப்போது பறைதான் அடிக்கிறார்கள், டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு. ஆனால் எங்கள் தாத்தாக்களில் பலர் அந்தக் கருவியைக் கிணற்றில் போட்டார்கள், தீயில் போட்டார்கள், சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சொல்லி உதை வாங்கினார்கள். அந்த மறுப்புக்கும் பறைக்கு இருக்கும் அதே அளவு வரலாறு உண்டு. அதைச் சொல்லாமல் தாளத்தை மட்டும் எடுத்துக்கொள்வது, ப்ளூஸ் கேட்டுவிட்டுப் பருத்தித் தோட்டத்தைப் பற்றிப் பேசாதே என்பது மாதிரி.

ஏப்ரலைத் தலித் வரலாற்று மாதமாக 2015 முதல் கடைப்பிடிக்கிறார்கள். தொடங்கியவர்கள் தலித் பெண்கள், முன்மாதிரி பிப்ரவரிதான். சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் ஏப்ரலில் வானம் கலைத் திருவிழா நடத்துகிறது. நம் கல்லூரிகளில் ஏப்ரல் என்றால் மாடல் எக்ஸாம். ஆய்வுக்கட்டுரை எழுத நேரம் இல்லை என்பார்கள். எழுத வேண்டாம். மாணவர்கள் அவரவர் ஊருக்குப் போய், எந்தத் தெரு வழியாகச் செருப்போடு போகலாம் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு, தேதியோடு ஒரு பக்கம் எழுதி வந்தால் போதும். செங்கம், தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள் அவர்கள். இரண்டு பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் எழுத வேண்டும். இரண்டையும் ஒரே சுவரில் ஒட்ட வேண்டும். மாண்ட்கோமரி எவ்வளவு பக்கம் என்று அப்போது தெரியும்.

அந்த ரோசா பார்க்ஸ் பெண் அன்று நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது கேட்டாள்: "அண்ணா, நம்ம பக்கம் இந்த மாதிரி யாராச்சும் இருந்திருக்காங்களா?" நிறைய பேர் இருக்காங்கம்மா, மெயில் ஐ.டி. கொடு, லிஸ்ட் அனுப்பறேன் என்றேன். கொடுத்தாள். அனுப்பவில்லை. ஸ்பிரிண்ட், டெட்லைன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது பொய். அந்த லிஸ்ட்டில் கையெழுத்துப் போட்டால் நான் யாரென்று மறுபடியும் வகுப்பில் எழுந்து நிற்க வேண்டும். அதுதான் காரணம்.

போன மாதம் ஒன்பது புத்தகம் வாங்கி அந்தக் கல்லூரி நூலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசனின் ஜீவிய சரித்திரச் சுருக்கம், அம்பேத்கர் தமிழில் சில, உட்சன் ஆங்கிலத்தில் ஒன்று. நூலகர் நல்ல மனிதர், டீ சொன்னார். ரெஜிஸ்டரைத் திறந்து, "இதை எந்த டிபார்ட்மெண்ட் சார் என்ட்ரி போடறது?" என்று கேட்டார்.

"ஹிஸ்டரி" என்றேன்.

"நம்ம காலேஜ்ல அது இல்லையே சார்."

கொஞ்ச நேரம் இருவரும் ரெஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் 'ஜெனரல்' என்று எழுதி, வழங்கியவர் பெயருக்கு இடம் விட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார். பெயர், படித்த வருடம், ஊர். ஊர் என்ற இடத்தில் எப்போதும் திருவண்ணாமலை என்றுதான் எழுதுவேன். அன்றைக்குத் தெருவின் பெயரையும் சேர்த்து எழுதினேன்.