உலகம் சுற்றும் சீட்டும் உறவு தேடும் பயணமும்

அட்டன் பகுதித் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியராக இருக்கும் அன்பர் ஒருவர் சென்ற வாரம் நம்மைக் காண வந்திருந்தார். அவருடைய அப்பாயிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, எழுபதுகளிலே தலைமன்னாரிற் கப்பலேறிச் சென்ற தம்பி கோத்தகிரியில் இருக்கிறார். கண் மூடுமுன் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது அம்மூதாட்டியின் ஆசை.

“வீட்டில் ஐந்து பேர், ஐயா. டிக்கட் விலையைக் கேட்டாலே மலைப்பாக இருக்கிறது. உலகத்தையே சுற்றி வருவதற்குச் சிக்கனமான சீட்டு இருக்கிறதாம். பக்கத்து நாட்டுக்குப் போய்வர நமக்கு வழி இல்லையா?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. உலகம் சுற்றும் சீட்டின் இரகசியத்தை அறிந்தால் விடையும் கிடைத்துவிடும். நமது ஸ்ரீலங்கன் விமான சேவை 2014 மே மாதத்தில் இணைந்த ஒன்வேர்ல்ட் கூட்டணி அத்தகைய சீட்டை விற்கிறது. அதன் ஒரு வகைக்குக் கண்டங்களின் எண்ணிக்கையைக் கொண்டே விலை. ஒரு கண்டத்தினுள் விதித்த எல்லைக்குட்பட்டு இன்னொரு நகரைச் சேர்த்தாலும் அடிப்படைக் கட்டணம் கூடுவதில்லை. புறப்படும் நாட்டைப் பொறுத்தும் விலை மாறும். ஓராண்டுக்குள் பயணத்தை முடித்துவிட வேண்டும். ஆகவே இங்கு பணத்தை மீதப்படுத்துபவர் பேரம் பேசுபவர் அல்லர். புறப்படுமுன் முழுப் பயணத்தையும் தாளில் வரைந்து பார்ப்பவரே.

நாமும் அவ்வாறே செய்வோம். முதலாவது, கணக்கு வாசலிலிருந்து வாசல் வரை இருக்க வேண்டும். கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிக்கு விமானம் உண்டு. 2019இல் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலியிலிருந்து சென்னைக்குச் செல்லலாம். காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பற் சேவை 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஆரம்பமாயிற்று. கப்பற் சீட்டு மலிவு என்று மகிழ்வதற்கு முன், அட்டனிலிருந்து காங்கேசன்துறை வரை பஸ் கட்டணம், சாப்பாடு, ஓரிரவுத் தங்கல் ஆகியவற்றை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். கடல் கொந்தளிக்கும் காலத்தில் காத்திருக்கவும் நேரலாம். யாழ்ப்பாணத்தாருக்கு இலாபமான வழி மலைநாட்டாருக்கு நட்டமாகலாம்.

இரண்டாவது, போன வழியே திரும்ப வேண்டும் என்ற கட்டாயமில்லை. கோத்தகிரியோடு சென்னையிலும் உறவினர் இருந்தால், திருச்சியில் இறங்கிச் சென்னையிலிருந்து திரும்புவதற்கும் விலை கேளுங்கள். தரைவழியில் ஒரு நீண்ட பயணம் குறையும்.

மூன்றாவது, நாள். பள்ளி விடுமுறையின் தொடக்கத்திலும் தீபாவளி, பொங்கலை ஒட்டியும் கட்டணம் ஏறும். விடுமுறையின் நடுவில், வாரநாளில் புறப்படலாம். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குக் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் திரும்பும் நாளில் இரண்டு நிரம்பிவிட்டால் தனி ஆசனம் வாங்க நேரும். பொதிக்கு இடம் சேராத மலிவுச் சீட்டும் உண்டு. தம்பிக்குக் கொண்டுபோகும் தேயிலைத்தூளின் நிறையையும் முன்கூட்டியே சேர்த்துக் கேட்பது நல்லது.

நான்காவது, கடவுச்சீட்டு. ஒருநாட் சேவைக்குக் கட்டணம் அதிகம். காலத்தோடு சாதாரண சேவையில் விண்ணப்பித்தால் ஐவருக்கும் மிச்சம். நம் தோட்டங்களில் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருப்பது புதிதன்று. அதை முதலில் நேராக்குக. கடவுச்சீட்டில் உள்ள பெயரையே எழுத்துக்கு எழுத்து டிக்கட்டிலும் எழுதுக.

இப்படியெல்லாம் பார்த்து ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய் மிஞ்சுவதாக வைத்துக்கொண்டால், ஐவருக்கு 50,000 ரூபாய். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தின்படி அது 37 நாட் கொழுந்தின் கூலி. அற்பத் தொகையா அது?

அன்பர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, “இவ்வளவு செய்தும் பணம் போதாவிட்டால், இன்னும் இரண்டு வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்துக்கொண்டு போகலாமா?” என்றார்.

வேண்டாம் என்றோம். சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எண்பது வயதுக்கு அக்காளும் அவர் தம்பியும் இரண்டு வருஷத்தைக் கடனாகப் பெற முடியாது. ஐவருக்குப் போதாவிட்டால் இருவர் போகட்டும். அவ்விருவருள் ஒருவர் அப்பாயியாக இருக்கட்டும்.